விழுவதைப் பிடிக்காத கை

ஹாசினி பீமின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. பீம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பஞ்சு வைத்துத் தைத்த நீளமான கட்டை, உள்ளங்கை அகலம், என் முழங்கால் உயரம். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வந்தாள். நான் ஓர் அடி தள்ளிப் பக்கத்தில் நின்றேன்.

பாதி தூரம் வந்ததும் அவளுடைய இடது கால் விளிம்பில் பாதிதான் பட்டது. உடம்பு என் பக்கம் சாய்ந்தது.

பிடிக்க வேண்டியவள் நான். அதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் என் கைகள் இரண்டும் விருட்டென்று மேலே போய்த் தோள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டன. பிள்ளை என் கண் முன்னால் விழுந்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை பதறிக்கொண்டே படிப்பீர்கள். கீழே தடிமனான மேட் போட்டிருந்தது. பொத்தென்று உட்கார்ந்தவள், அழலாமா சிரிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தாள். எழுந்து வரிசையின் கடைசிக்கு ஓடினாள். அவள் தப்பித்ததற்கு மேட் காரணம். நான் காரணம் இல்லை.

ஹாலின் மறுகோடியில் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சுளா ஓடி வந்தாள். அவள்தான் எங்கள் தலைமைக் கோச். முதலில் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கைய எறக்குங்க" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் தெரிந்தது, நான் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறேன் என்று.

இரண்டு பொத்தான்

என் ப்ரெஸ் ஷாப் கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஒரு பையோடு ஓசூரில் வந்து இறங்கியவள் நான். வண்டிகளுக்குச் சின்னச் சின்னத் தகடுகள் அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. தகட்டை வைக்க வேண்டும், மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும், எடுக்க வேண்டும். அச்சு இறங்க மெஷினின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது அசையும். கை இரண்டும் வெளியே இருக்கின்றன என்று மெஷினுக்கே உறுதி வேண்டும்.

முதல் வாரம் எங்களை மெஷின் பக்கமே விடவில்லை. பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மேசையைச் சுற்றி எங்களை நிற்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே விளிம்பிலிருந்து ஒரு தகட்டைத் தள்ளிவிடுவார். யாராவது ஒருத்தி சட்டென்று பிடிக்கப் போவாள். உடனே ஒரு கத்தல்.

"விழுறது விழட்டும்! ஒரு துண்டுத் தகரத்துக்கு வெரலக் குடுப்பியா? கைய மேல தூக்கு!"

சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அதில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன. அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். தகடு, ஸ்பேனர், ஒருநாள் தன்னுடைய சாப்பாட்டு டப்பாவையே தள்ளிவிட்டார். தயிர்சாதம் தரையெல்லாம் சிந்தியது. ஒருத்தி கையும் நீளவில்லை. "பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போனார்.

பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தேன். பத்து விரலோடு வெளியே வந்தேன். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இதை எழுதுவதற்கே எனக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

எதிர் மெஷினில் நின்றவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்குச் சொந்த ஊர் மத்தூர். அவர் இன்றைக்கும் அதே ப்ரெஸ்ஸில்தான் நிற்கிறார். அதனால் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வினோதம் உண்டு. மேசையிலிருந்து எது நழுவினாலும் ஒருவரும் பிடிக்க மாட்டோம். கைகளைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நிற்போம். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சாமான்கள் முதல் வருடத்தோடு தீர்ந்துவிட்டன. அதன்பிறகு எவர்சில்வர்தான். இதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

ஓசூர்ப் பெற்றோர்கள்

நான் எப்படி ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் ஆனேன் என்று கேட்டால், வரிசை கோணலாக இருந்தது பொறுக்காமல் ஆனேன்.

என் மகள் யாழினியை வாராவாரம் அந்த வகுப்புக்குக் கூட்டிப்போவேன். பாகலூர் சாலையில், முன்பு உதிரிபாகம் அடுக்கிவைத்திருந்த ஒரு குடோன்தான் ஹால். காலையில் தகரக் கூரையிலிருந்து குளிர் இறங்கும். ரப்பர் மேட்டின் வாசனையும் பிள்ளைகளின் வேர்த்த பாதங்களின் வாசனையும் கலந்து அடிக்கும். போட்டிக்குத் தயார் செய்கிற இடம் இல்லை அது. சனி, ஞாயிறில் பிள்ளைகள் உருண்டு, புரண்டு, குதித்துவிட்டுப் போகிற வகுப்பு. சுவரோரம் உட்கார்ந்து பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். எந்தப் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கும் இல்லை. ஒருவன் குட்டிக்கரணம் போடும் இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கடைக்குப் போய் மஞ்சள் டேப் வாங்கிவந்து தரையில் ஒட்டிவிட்டேன். காத்திருக்கும் கோடு, போகும் கோடு, வரும் கோடு. கம்பெனியில் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

மஞ்சுளா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாகலூர்ப் பெண், என்னைவிடப் பதிமூன்று பதினான்கு வயது சின்னவள். வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். "அக்கா, சும்னே உக்காந்திருக்கறதுக்கு என்கூட வந்து நில்லுங்க" என்றாள். அப்படித்தான் உள்ளே போனேன். சின்னப் பிள்ளைகளை உருள வைப்பது, இறங்கும்போது முழங்காலை மடக்கச் சொல்வது, யாருக்கு ஒண்ணுக்கு வருகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் என் வேலைகள் ஆயின.

ஓசூர்ப் பெற்றோர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவர்கள். பிள்ளையைச் சேர்க்க வந்தால் ஆடிட்டுக்கு வந்த மாதிரியே நிற்பார்கள். கோச்சுக்கு என்ன தகுதி, முதலுதவி யாருக்குத் தெரியும், மேட் தடிமன் எவ்வளவு, காட்டுங்கள் பார்ப்போம் என்பார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு யோசித்தால், தகடு சப்ளை செய்பவனிடமே அத்தனை கேள்வி கேட்பவர்கள் பெற்ற பிள்ளைக்குக் கேட்க மாட்டார்களா?

அதனால் கம்பெனியில் இருப்பது போலவே ஒரு திறன் பலகை எழுதிச் சுவரில் மாட்டினேன். இடப்பக்கம் எங்கள் பெயர்கள். மேலே வேலைகள்: தரைப் பயிற்சி, பீம், முதலுதவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், வட்டத்தில் நான்கு கால் பாகம். ஒரு கால் நிறைந்திருந்தால் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். இரண்டு கால் என்றால் ஒருவர் மேற்பார்வையில் செய்வார். மூன்று என்றால் தனியாகச் செய்வார். நான்கும் நிறைந்தால் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பார். மஞ்சுளாவுக்கு எல்லா வட்டமும் முழுக்கக் கறுப்பு. எனக்குப் பீமில் இரண்டு கால்.

பெற்றோர்கள் அந்தப் பலகையைப் பார்த்ததும் சாந்தமானார்கள். அதற்கப்புறம் ஒருவரும் மேட்டை அளக்கவில்லை.

அழித்த வட்டம்

ஹாசினி விழுந்த அன்று வகுப்பு முடிந்ததும் ஈரத் துணியை எடுத்து என்னுடைய பீம் வட்டத்தைத் துடைத்துவிட்டேன். இரண்டு காலையும்.

"எதுக்கு அக்கா? எல்லாருக்கும் ஒரு தடவ மிஸ் ஆகும்" என்றாள் மஞ்சுளா.

"மிஸ் ஆகலம்மா. கை மேல போச்சு. அடுத்த தடவையும் அப்படித்தான் போகும்."

அப்புறம் மஞ்சுளா என்னை பீம் பக்கம் நிறுத்தவில்லை. பெரிய வகுப்பையும் சின்ன வகுப்பையும் ஒரே நேரத்தில் அவளால் பார்க்க முடியாது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு பீம் நின்றுபோயிற்று.

அடுத்த சனிக்கிழமை ஹாசினியின் அப்பா பலகையின் முன் நின்றார். பக்கத்தில் பேரிகை ஊர்க்காரர். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். விடிவதற்குள் பூவை இறக்கிவிட்டு, அதே வண்டியில் மகளைக் கொண்டுவந்து விடுவார். அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்தாலே ரோஜா இலை வாசம் அடிக்கும்.

"என்னம்மா, உங்க வட்டம் காலியா கீது?" என்றார்.

மழுப்பிவிடலாம். பாடத்திட்டம் மாறுகிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. நடந்ததைச் சொன்னேன். ப்ரெஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரிம்மா. அந்த வட்டம் நெறையட்டும். அதுக்கப்பறம் ஏறட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஹாசினி வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் பலகையைப் பார்ப்பாள். "அக்கா, எப்ப நெறையும்?" என்பாள். என்னால் அவளுக்கு ஒரு தேதி சொல்ல முடியவில்லை.

மஞ்சுளா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குக் கோச் ஆகிறவர்களுக்குச் சேலத்தில் பத்து நாள் பயிற்சி. கடைசி நாள் தேர்வு, எழுத்தும் உண்டு, செய்துகாட்டுவதும் உண்டு. "போய்ட்டு வாங்க அக்கா. பாஸ் ஆனா பீம் உங்களுக்கு. ஆகலன்னா சின்னக் க்ளாஸ்ல பீம எடுத்துடலாம்."

தலையணைப் பரீட்சை

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. நம்பவில்லை. மேசை விளிம்பிலிருந்து ஒரு தலையணையைத் தள்ளிவிட்டாள்.

என் கைகள் மேலே போயின. எதிரே சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கைகளும் மேலே போயின. தலையணை எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

அப்புறம் ஒரு துண்டு. அப்புறம் ஒரு செய்தித்தாள். செய்தித்தாளுக்குக்கூட நாங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது. அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் அவரிடம் கேட்டேன்.

"கட்டில்லேர்ந்து பிள்ள விழுந்தது ஞாபகம் இருக்கா?"

யாழினி ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள். கீழே பாய், போர்வை எல்லாம் கிடந்ததால் அடி படவில்லை. நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். என் கைகள் மேலே இருந்தன. மத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமியார் வாசற்படியிலிருந்து அதைப் பார்த்தார். "பெத்தவளுக்குக் கை தானா போவாதா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் அதைப் பன்னிரண்டு வருடம் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதல் மார்க் வாங்கியபோதும், காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோதும் கேட்டேன். என்னிடம் ஏதோ ஒன்று குறைவாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏன் இல்லாம? நானும் அங்கதான நின்னன். கட்டிலுக்கு அந்தாண்ட. என் கையும் மேலதான் இருந்திச்சி."

நான் அவரையே பார்த்தேன்.

"அம்மா உன்ன மட்டும்தான் கேட்டாங்க" என்றார்.

"இத்தன வருஷமா ஏங்க சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

அந்த மனுஷரை அப்போது என்ன செய்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. திட்டுவதா, கும்பிடுவதா? அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். தாய்ப் பாசத்தில் குறை இல்லை, ப்ரெஸ் ஷாப்தான். அவர் தகப்பன், அவருக்கும் அதே கைதான். மாமியார் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் மெஷின் பார்த்தவர் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

சேலத்தில் பத்து நாள்

சேலத்து ஹாலின் வாசலில் ஒரு பையன், "பிள்ளைய விட வந்தீங்களாம்மா? பேரன்ட்ஸ் அந்தப் பக்கம்" என்றான். உள்ளே பார்த்தால் எல்லாரும் ஈர்க்குச்சி உடம்புக்காரர்கள். பழைய வீரர்கள், பள்ளி விளையாட்டு ஆசிரியைகள். நான் நாற்பது வயதில் சுடிதாரில், முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் பயந்தேன். இரண்டாவது நாள் பயம் கொஞ்சம் குறைந்தது. ஏனென்றால் யாரும் என்னை அந்தரத்தில் பல்டி அடிக்கச் சொல்லவில்லை. பிள்ளை எந்த வயதில் என்ன செய்யும், ஒரு அசைவை எத்தனை சின்னத் துண்டுகளாக உடைத்துச் சொல்லித்தர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் பாடம். பிள்ளையைத் தொடுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்றார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் தொடக் கூடாது.

எழுத்துத் தேர்வு மாதிரியில் ஒரு கேள்வி: பிள்ளை விழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? பலர் ஓடிப்போய்த் தூக்குவேன் என்று எழுதியிருந்தார்கள். நான் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி உட்கார வைப்பேன், பிறகு போவேன், தூக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். கம்பெனியில் என்ன நடந்தாலும் முதலில் லைனை நிறுத்துவோம், அவ்வளவுதான். பயிற்சி கொடுத்த மேடம் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். வாசலில் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்த பையன் திரும்பிப் பார்த்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம், மறைப்பானேன்.

ஆனால் பீம் பாடம் வந்தது. என் கைகள் மேலே போயின. மணல் மூட்டையைப் பீமிலிருந்து தள்ளிவிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். எட்டு தடவை தள்ளினார்கள், எட்டு தடவையும் மூட்டை தரையில் விழுந்தது. ஹாலில் யாரோ சிரித்தார்கள்.

இடைவேளையில் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரும் என்னைவிடச் சின்னவர்தான். சென்னைக்காரர், சிரிப்பதற்கும் கணக்கு வைத்திருப்பவர்.

"எத்தனை வருஷம் மெஷின்ல இருந்தீங்க?"

"பதினோரு வருஷம் மேடம்."

"விரலைக் காட்டுங்க."

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தும் இருக்கு. அப்ப இந்தக் கை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. அதைத் திட்டாதீங்க" என்றார். "உங்க கைக்கு விழுற பொருள்னாத்தான் ஆகாது. நீங்க ஓரடி தள்ளி நின்னு காத்திருந்தா, பிள்ளையும் உங்களுக்கு விழுற பொருள்தான். தள்ளி நிக்காதீங்க. அது விழுறதுக்கு முன்னாடியே கை முதுகில இருக்கட்டும். விழுந்த பிறகு பாய்ஞ்சு பிடிக்கிறதுக்கு நாம என்ன விக்கெட் கீப்பரா?"

எனக்கு அந்த இடத்திலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு ஐந்து நாள் ஆனது. மணல் மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு அதனோடு பக்கவாட்டில் நடந்தேன். தொட்டுக்கொண்டே இருந்தால் அது சாய்வது உள்ளங்கைக்கு முதலிலேயே தெரிந்தது. சாய்வது விழுவது அல்ல என்று என் கைக்கு மெதுவாகப் புரிந்தது.

கடைசி நாள் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். மேடம் ஓரத்தில் நாற்காலியில், மடியில் தாள்கள். நான் முதலில் கொலுசு, வளையல், காலுறை எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். ஒருவனுடைய அரைஞாண் கயிறு தொங்கியது, அதை உள்ளே செருகச் சொன்னேன். பீமுக்கு வந்தோம். முதல் பெண் பிள்ளை, மூக்கு ஒழுக, ஏறி நின்றாள்.

"முதுகுல கை வைக்கட்டுமா கண்ணு?"

"வேணாம்" என்றாள்.

ஐந்து நாள் பயிற்சியும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. தொடக் கூடாது. தொடாமல் நின்றால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மேடம் எதையோ எழுதினார்.

"அப்ப நான் கைய நீட்டுறேன். நீ புடிச்சிக்கிறியா?"

அவள் என் கையைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களை, நடுவிரலையும் மோதிர விரலையும், இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாருக்கு இல்லாத விரல்கள் அவை. நடந்தாள். மூன்றாவது எட்டில் ஆடினாள். முழு எடையும் என் விரல்களில் வந்து தொங்கியது. என் தோள் ஒருமுறை துள்ளியது, ஆனால் கை எங்கும் போகவில்லை. போக விடாமல் அவள் பிடித்திருந்தாள். நேராகி, கடைசிவரை நடந்து, முழங்காலை மடக்கி இறங்கினாள்.

தேறிவிட்டேன். தாளில் மேடம் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: பிள்ளை சொன்னதைக் கேட்டார்.

மறுபடியும் பீம்

ஊர் திரும்பிய சனிக்கிழமை, நான் பிள்ளைகளை பீமில் நடத்துவதை மஞ்சுளா என் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு கால் பாகம் நிரப்பினேன். மூன்றாவதை நிரப்பச் சொல்லி அவள் சண்டை போட்டாள். அதற்கு இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

ஹாசினியின் அப்பா பலகையைப் பார்த்தார், தலையசைத்தார், வாசலிலேயே நின்றுகொண்டார். வண்டியை எடுக்கவில்லை.

ஹாசினி ஏறினாள். அவளுக்குத் தெலுங்கில் கேட்டால்தான் பிடிக்கும். "செய்யி பெட்டனா?" என்றேன், கை வைக்கட்டுமா என்று. "பெட்டு" என்றாள் ராணி மாதிரி.

அதே நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டாள். அதே பாதி தூரத்தில், அதே இடது கால், விளிம்பில் பாதிதான் பட்டது. உடம்பு என் பக்கம் சாய்ந்தது. சின்ன முதுகு என் உள்ளங்கையில் வந்து அமுங்கியது, சூடாக. அங்கேயே ஒரு நொடி நின்றது. அப்புறம் நிமிர்ந்து போய்விட்டது.

யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை. ஹாசினிக்கே தெரியாது. வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் முகத்தைத் துடைக்கிற சாக்கில் துப்பட்டாவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

"இனிமே நம்ம வூட்ல கண்ணாடி இருக்கலாம்" என்று யாழினி ஆறு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினாள். பூப்போட்டவை. ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முழங்கை இடித்து ஒன்று நழுவியது.

அவர் கைகள் விருட்டென்று மேலே போயின. டம்ளர் தரையில் விழுந்து சிதறியது.

"ஐயோ, டம்ளர் போச்சு!" என்று யாழினி கத்தினாள். அவர் குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார். மறுநாள் காலை முதல் ஷிஃப்ட். ஏழு மணிக்கெல்லாம் அந்தக் கைகள் ப்ரெஸ்ஸின் முன் இருக்க வேண்டும்.

கண்ணாடித் துண்டுகளை நானே பெருக்கி அள்ளினேன். நிமிர்ந்தபோது அவர் கைகள் இன்னும் தோளருகிலேயே நின்றன. விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தும் இருந்தன.

"கைய எறக்குங்க" என்றேன்.